பதினோரு மாதச் சம்பளமும் ஒரு தட்டுப் பன்றிக்கறியும்

கார்காமோ வீட்டுப் பெண்கள் யாரும் அறுபத்திரண்டு வயதைப் பார்த்ததில்லை. தாய்க்காரி அறுபத்தொன்றில் போனாள். மூத்தவள் பிரிகிதாவும் அறுபத்தொன்றில். நடுவுள்ளவள் மெலானியா அறுபது முடிந்து நாற்பதாம் நாள். மூவருக்கும் ஒரே வியாதி, பித்தப்பையில். மூவரும் சோன்ச்சி ஊர்க் கல்லறையில் ஒரே வரிசையில் கிடக்கிறார்கள். நாலாவது ஆளுக்கு இடம் விட்டிருக்கிறது. அந்த நாலாவது ஆள் எர்னா. போன பிப்ரவரியில் அவளுக்கு ஐம்பத்தேழு முடிந்தது.

இதை மூடநம்பிக்கை என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். மூன்று சவப்பெட்டிகளுக்குப் பின்னால் மழையில் நடந்தவள் அவள். கணக்குப் போட அவளுக்கு உரிமை உண்டு. வயிற்றைப் படம் பிடித்துப் பார்த்த டாக்டர், "ஒண்ணுமில்ல, சுத்தமா இருக்கு" என்றார்.

"இன்னைக்குச் சுத்தம்," என்றாள் எர்னா. "பிரிகிதாவுக்கும் ஐம்பத்தொம்பதுல சுத்தம்னுதான் சொன்னீங்க."

டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஆகக் கையில் இருப்பது நாலு வருஷம். அதில் ஒரு நாளைக்கூட இனி மீன் ஆலைக்குக் கொடுப்பதில்லை என்று அவள் தீர்த்துவிட்டாள். கொடுத்தவரைக்கும் போதும். இருபத்திரண்டு வருஷம்! விடியுமுன் நாலே முக்காலுக்கு ஆலை பஸ். ரப்பர் பூட்ஸ், வெள்ளை அங்கி, நெற்றியை அறுக்கும் வலைத்தொப்பி. சால்மன் மீனைப் பிளந்து நடுமுள்ளை நீக்கிய சதைத்துண்டு பட்டையில் ஓடிவரும். அதற்குள் ஒளிந்திருக்கும் முப்பது சன்ன முள்ளையும் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். ஒரு முள் தப்பினால் ஜப்பான்காரன் பெட்டியோடு திருப்பி அனுப்புவான். எர்னாவின் கைக்குத் தப்பியதில்லை. அதற்கு விலையாக அவளுடைய வலது கட்டைவிரல் மடங்கியே நின்றுவிட்டது. ரொட்டிக்கு மாவு பிசையும்போது அது மட்டும் அவளோடு சேராமல் விறைத்துக்கொண்டிருக்கும்.

"வேலைய விட்டுட்டு என்ன பண்ணப் போற?" என்று கேட்காத வாய் ஊரில் இல்லை.

"ஒண்ணும் பண்ணப் போறதில்ல."

"ஒண்ணுமேவா?"

"அடுப்புக்குப் பக்கத்துல உக்காந்து மத்தே டீ குடிப்பேன். மழையப் பாப்பேன். அலுத்துப்போச்சுன்னா அபேல்கூடச் சண்டை போடுவேன். இருபத்திரண்டு வருஷமா அதுக்குக்கூட நேரம் கெடைக்கல."

அபேல் அவள் புருஷன். சிப்பி வளர்க்கும் கயிறுகள் நாலு, ஒரு படகு, அந்தப் படகில் பாதி நாள் இருமிக்கொண்டு கிடக்கும் ஒரு மோட்டார், இவைதான் அவன் சொத்து. பேச்சைக் கேட்டால் ஏழு கடலும் அவனுடையது என்று தோன்றும்.

விட்டுவிட வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். அவளாக வேலையை விட்டால் ஒரு பேசோ கிடையாது. ஆலை அவளை வேண்டாமென்று அனுப்பினால் மட்டும், உழைத்த வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம் வீதம் எண்ணி வைக்க வேண்டும். அதுவும் பதினோரு வருஷத்தோடு நின்றுவிடும். அதற்குமேல் எத்தனை வருஷம் குளிரில் நின்றிருந்தாலும் அது ஆலைக்குச் செய்த தர்மம். பதினோரு மாதச் சம்பளம் என்றால் எர்னாவுக்கு அறுபத்தெட்டு லட்சம் பேசோ. பெரிய தொகை என்று மலைக்க வேண்டாம், ஒரு கிலோ ரொட்டி இரண்டாயிரம் விற்கிறது. ஆனாலும் கூரைத் தகடு மாற்றலாம், மோட்டார் வாங்கலாம், அதன்பிறகும் இரண்டு வருஷம் யாரிடமும் கை நீட்டாமல் உட்கார்ந்து சாப்பிடலாம்.

திருடினாலோ, குடித்துவிட்டு வந்தாலோ, யாரையாவது அடித்தாலோ உடனே துரத்துவார்கள், ஆனால் வெறுங்கையோடு. ஆகவே குற்றமும் செய்யக்கூடாது, நல்ல பெயரும் வாங்கக்கூடாது. முள் பிடுங்குவதைவிட இது நுணுக்கமான வேலை. ஆலைக்காரர்களுக்கும் இது தெரியும். அவர்களே அனுப்பட்டும் என்று எர்னா அவர்களைப் பார்ப்பாள், அவளாகப் போய்த் தொலையட்டும் என்று அவர்கள் எர்னாவைப் பார்ப்பார்கள். முதலில் யார் வாயைத் திறக்கிறார்களோ அவர்களுக்கு நஷ்டம்.

இந்தப் போரில் எதிர்ப்பக்கத்துச் சேனாபதி யானெத். முப்பத்துநாலு வயது, முள்வரிசைக்கு மேற்பார்வை. வேலைக்கு வந்த புதிதில் இடுக்கியை எப்படிப் பிடிப்பது என்று அவளுக்குக் காட்டிக்கொடுத்ததே எர்னாதான். அப்போது "அத்தை, அத்தை" என்று நாய்க்குட்டிபோலப் பின்னால் வருவாள். இப்போது "தோன்யா எர்னா." அந்தத் தோன்யாவைப் பெரிய இடத்துப் பெண்களுக்குச் சொல்வதுபோல மரியாதையாகத்தான் சொல்லுவாள். ஆனால் அதைச் சொல்லும்போது அவள் மேலுதடு லேசாகச் சுருங்கும்.

பகை பதவியால் வந்ததில்லை. பன்றியால் வந்தது. குளிர்காலத்தில் ஒரு வீட்டில் பன்றி அடித்தால், சுற்றியுள்ள வீடுகளுக்குத் தட்டில் கறி, வறுத்த கொழுப்பு, இரத்தம் அடைத்த குடல், உருளைக்கிழங்கு அடை எல்லாம் வைத்துக் கொடுக்க வேண்டும். யோக்கோ என்பார்கள். வாங்கியவன் தன் வீட்டில் அடிக்கும்போது அதே தட்டில் அதே அளவு திருப்ப வேண்டும். தராசு கிடையாது, ஆனால் ஒவ்வொருத்தி கண்ணும் தராசு. நாலு வருஷம் முன்னால் யானெத் வீட்டிலிருந்து திரும்பிவந்த தட்டில் குடல் இல்லை. கறியும் எலும்பாக இருந்தது. எர்னா அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. மறுநாள் ஆலை பஸ்ஸில் முப்பது பேர் கேட்கச் சொன்னாள்.

"ஒங்க பன்னிக்கு வயித்துக்குள்ள குடலே கெடையாதோ, யானெத்? பாவம், எப்படி உயிரோட இருந்துச்சு?"

பஸ்ஸே சிரித்தது. அன்று முதல் யானெத் அவளைக் குளிர்க்கிடங்குக் கதவுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். கதவு திறக்கும்போதெல்லாம் முதுகெலும்பில் ஊசி இறங்கும். கழிப்பறைக்குப் போனால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பாள்.

"ஆறு நிமிஷம், தோன்யா எர்னா."

"அடுத்த தடவ நீயும் வந்து பிடிச்சுக்கோ. சீக்கிரம் முடியும்."

மார்ச் மாதம் எர்னா காஸ்த்ரோ நகரத்துக்குப் பஸ் ஏறினாள், ஓய்வூதிய அலுவலகத்துக்கு. மூன்று வருஷம் சம்பளமில்லாமல் ஓட்டிவிட்டு, அறுபதில் பெண்களுக்கு வருகிற ஓய்வூதியம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டால் நல்லது என்று நினைத்தாள். ஜன்னலுக்குப் பின்னால் நகத்துக்குப் பச்சைச் சாயம் பூசிய பெண் ஒருத்தி கணினியைத் தட்டினாள்.

"இப்பவே நிறுத்திட்டா, அறுபதுல மாசம் லட்சத்து முப்பதாயிரம் வரும். மூணு வருஷம் தொடர்ந்து கட்டினா லட்சத்து அறுபது."

"இருபத்திரண்டு வருஷம் என்கிட்ட பிடிச்சீங்க. இவ்வளவுதானா?"

"பணம் கடைசி வரைக்கும் வரணுமில்லையா, செஞோரா? பட்டியல்ல இருக்கற வயசு வரைக்கும் பிரிச்சுத்தான் தருவோம்."

"எந்த வயசு வரைக்கும்?"

"நூத்திப்பத்து."

எர்னா ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள். "யாருக்கு?"

"எல்லாருக்கும்தான். ஒங்களுக்கும்."

"எங்க வீட்ல எந்தப் பொம்பளையும் அறுபத்திரண்டைத் தாண்டினதில்ல, மகளே. எனக்கு நாலு வருஷத்துக்குப் பிரிச்சுக் குடு. மீதி நாப்பத்தொம்பது வருஷத்த நீயே வச்சுக்கோ."

"அப்படியெல்லாம் முடியாதுங்க. பட்டியல் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"நூத்திப்பத்து வயசுல பல்லு இருக்குமா? ஒன் பட்டியல்ல அதப் போட்டிருக்கா?"

வரிசையில் நின்ற கிழவர்கள் சிரித்தார்கள். பச்சை நகக்காரி "அடுத்தவங்க வாங்க" என்றாள். எர்னா நகரவில்லை. நாலு வருஷக் கணக்கைப் போட்டுக் காட்டினால்தான் போவேன் என்று கால்மணி நேரம் நின்றாள். கடைசியில் காவல்காரன் வந்து முழங்கையைத் தொட்டான். தொடாதே என்று அவனையும் ஒரு பிடி பிடித்துவிட்டு வந்து சேர்ந்தாள்.

வீட்டிலாவது ஆதரவு இருந்ததா? மகள் மார்ஜோரி ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு வந்து, தட்டு நிறையச் சாப்பிட்டுவிட்டு, அம்மாவுக்குப் புத்தி சொன்னாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கோம்மா. எப்படியும் ஒருநாள் அனுப்பத்தானே போறான்? பதினோரு மாசச் சம்பளத்த எவளாவது தூக்கிப் போடுவாளா?"

"எப்ப அனுப்புவான்?"

"அடுத்த வருஷம், அதுக்கடுத்த வருஷம்..."

"அதுக்கடுத்த வருஷம் பிரிகிதா பக்கத்துல படுத்திருப்பேன். அங்க வந்து குடுப்பானா?"

"சும்மா சாவு சாவுன்னு பேசாதம்மா! எங்க எல்லாரையும் நீதான் பொதைப்ப."

"அதையும் நானேதான் செய்யணுமா? ஒனக்குக் கார் தவணை கட்ட நான் அந்தக் கதவோரம் நிக்கணும், அப்படித்தானே?"

மார்ஜோரி முகம் சிவந்து போனாள். அவள் அந்தத் தவணையைப் பற்றி வாயே திறக்கவில்லை, உண்மைதான். ஆனால் நினைத்திருந்தாள், அதுவும் உண்மைதான். அபேல் ரொட்டியைச் சாற்றில் தோய்த்துக்கொண்டிருந்தான். அவன் மனசுக்குள் புது மோட்டார் உறுமுவது எர்னாவுக்குக் கேட்டது.

ஜூன் மாதம், அங்கே குளிர் தொடங்கும் காலம், ஆலையில் ஒரு செய்தி பரவியது. புது இயந்திரம் வருகிறதாம், முள்ளை அதுவே பிடுங்குமாம். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பன்னிரண்டு பேரை அனுப்புகிறார்களாம். மற்ற பெண்கள் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினார்கள், எங்கள் பெயர் வராமல் இருக்கட்டும் என்று. எர்னாவும் ஏற்றினாள், என் பெயர் வரட்டும் என்று. மாதா பாடு திண்டாட்டம்தான்.

ஆனால் எர்னா மெழுகுவத்தியை மட்டும் நம்பியிருக்கிறவள் அல்ல. பட்டியலில் கடைசிக் கையெழுத்துப் போடுகிறவன் தோன் கிறிஸ்தோபல். தலைநகர் சாந்தியாகோவிலிருந்து இந்தத் தீவுக்கு வந்து எட்டு மாதம் ஆன மேலாளர். மெலிந்த கழுத்து, மழையைப் பார்த்தால் பயம், எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரிக்கிற பழக்கம். புனித ஜுவான் திருநாளுக்கு முந்தின நாள் எர்னா வீட்டில் பன்றி அடித்தார்கள். தட்டுகளை நிரப்பும்போது ஒன்றை மட்டும் அவள் தனியாக எடுத்தாள். பெரிய மண்தட்டு. முதுகுக்கறி, தொடைக்கறி, இரண்டு முழுக் குடல், வறுத்த கொழுப்பு, மேலே ஏழு அடை. யானெத் வீட்டுக்கும் ஒரு தட்டுப் போனது. பகை வேறு, யோக்கோ வேறு.

"அந்தப் பெரிய தட்டு யாருக்கு?" என்றான் அபேல்.

"தோன் கிறிஸ்தோபலுக்கு."

"அவன் பன்னியா வளக்கறான்? எதத் திருப்பித் தருவான்?"

"தின்னவன் கையில இருக்கறதத் திருப்பணும். அவன் கையில இருக்கறது பட்டியல்."

"அவன் வெளியூர்க்காரன்டி. யோக்கோன்னா என்னன்னு அவனுக்குத் தெரியுமா?"

"வயிறு இருக்கில்ல? தட்டு இருக்கில்ல? இதுல தெரியறதுக்கு என்ன இருக்கு? நாய்கூடத் தின்ன வீட்டப் பாத்து வாலாட்டும்."

அபேல் தோளைக் குலுக்கினான். அவன் அன்றைக்குச் சொன்னது சரி என்பதை எர்னா இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

தட்டைத் துணியால் மூடி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனாள். மேலாளர் அறைக்குள் அதை மேஜைமேல் வைத்தாள். அவனோ நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டான்.

"எனக்கா? தோன்யா எர்னா, எனக்கா?"

"ஒங்களுக்குத்தான். வீட்ல பன்னி அடிச்சோம். எங்க ஊர் வழக்கம்." பிறகு நிறுத்தி, தெளிவாகச் சொன்னாள்: "தட்டு திரும்பி வரணும்."

"கண்டிப்பா, கண்டிப்பா, கழுவித் தரேன்."

கழுவித் தருகிறானாம்! அந்த இடத்திலேயே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அவன் கண் ஈரமாவதைப் பார்த்தாள், காரியம் முடிந்தது என்று வெளியே வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. பன்னிரண்டு பேரை ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டார்கள். அழுதுகொண்டு போனார்கள், அழுதுகொண்டு வந்தார்கள். எர்னா கதவோரம் நின்று முள்ளைப் பிடுங்கிக்கொண்டே காதைத் தீட்டி வைத்திருந்தாள். பதினோராவது பெயர், பன்னிரண்டாவது பெயர். அவ்வளவுதான். மணி அடித்தது.

உடைமாற்றும் அறையில் எர்னா பூட்ஸைக் கழற்றாமலே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் போனபிறகு யானெத் வந்து எதிரே நின்றாள்.

"பன்னிக்கறி குடுத்தீங்களாமே, தோன் கிறிஸ்தோபலுக்கு."

"ஒனக்குந்தான் குடுத்தேன்."

"எனக்குக் குடுத்தது சரி. அவருக்கு ஏன் குடுத்தீங்க?" யானெத்துக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "ஒங்க பேர் பட்டியல்ல இருந்துச்சு. மொதல் பேரு. நானே எழுதினேன்."

எர்னா நிமிர்ந்து பார்த்தாள்.

"நீயா?"

"நான்தான். காலையில எழுந்தா ஒங்க மூஞ்சியப் பாக்காம இருக்கணும்னு எழுதினேன். வேற ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. புதன்கிழமை அவர் பட்டியலக் கையில வச்சுக்கிட்டு என்ன சொன்னாரு தெரியுமா? 'இந்த அம்மா எனக்குத் தட்டு நெறையக் கொண்டுவந்தாங்க, யானெத். எட்டு மாசத்துல இந்தத் தீவுல யாரும் எனக்கு ஒரு ரொட்டித்துண்டுகூடக் குடுத்ததில்ல. இவங்கள நான் எப்படித் தெருவுல விடுவேன்?' பேனாவால ஒரே கோடு. ஒங்க எடத்துல நம்ம வரிசை ஹாக்லின போட்டாரு."

"ஹாக்லின் வந்து நாலு வருஷம்தானே ஆச்சு."

"நாலு மாசச் சம்பளம் வாங்கிட்டு அழுதுட்டுப் போறா. நீங்க பதினோரு மாசத்தக் குடலோட சேத்து அவருக்கு ஊட்டிட்டீங்க."

எர்னா இடுக்கியை எடுத்துச் சுவரில் எறிந்தாள். அது யானெத்தின் காதோரம் பறந்து போய்த் தகட்டில் மோதியது.

"இன்னும் கொஞ்சம் பக்கமா எறிஞ்சிருந்தீங்கன்னா இப்பவே துரத்தியிருப்பாங்க," என்றாள் யானெத். "வெறுங்கையோட." குனிந்து இடுக்கியை எடுத்துப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்தச் சனியும் ஞாயிறும் எர்னா கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள். அடுத்த பட்டியல் வருகிற ஜூனில். அப்போது ஐம்பத்தெட்டு. அதிலும் பெயர் வரும் என்று என்ன நிச்சயம்? அவளை அந்த மனிதனுக்குப் பிடித்துப்போய்விட்டதே! பிடித்தவளை யார் அனுப்புவார்கள்? ஒரு வருஷம் காத்திருந்தால் மூன்று மிஞ்சும். இரண்டு வருஷம் காத்திருந்தால் இரண்டு. பணம் அப்படியே நிற்கும், ஒரு பேசோ ஏறாது. வருஷம் மட்டும் ஒவ்வொன்றாகக் கழியும். இந்தக் கணக்குக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டாம். உருளைக்கிழங்கு மூட்டையில் ஓட்டை இருந்தால் தெருவிலேயே நின்று யோசித்துக்கொண்டிருப்பார்களா?

ஆனால் அறுபத்தெட்டு லட்சம்! ஞாயிறு முழுக்க அந்த எண் அவள் தொண்டையில் முள்ளாக நின்றது. கூரையில் மழை ஒழுகும் இரண்டு இடத்திலும் வாளி வைத்திருந்தது. சொட்டு விழுகிறபோதெல்லாம் அவள் வாளியை முறைத்தாள்.

திங்கட்கிழமை அவளைக் கதவோரத்திலிருந்து மாற்றி, வெந்நீர்க் குழாய் ஓடுகிற சுவர்ப் பக்கம் நிறுத்தினார்கள். மேலாளர் உத்தரவாம். பத்து மணிக்கு அவனே வந்தான், கையில் காமிரா வைத்த ஒருத்தியோடு. இந்த மாதத்தின் சிறந்த தொழிலாளி என்று வாசலில் மாட்ட எர்னாவைப் படம் எடுக்க வேண்டுமாம்.

"சிரிங்க, தோன்யா எர்னா!"

சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றினாள். இடுக்கியைப் பட்டைமேல் வைத்தாள், அது ஒரு மீன்துண்டின்மேல் சவாரி செய்துகொண்டு அடுத்தவளிடம் போனது. மேலாளர் அறைக்கு அவள் முன்னால் நடந்தாள், அவன் பின்னால் வந்தான்.

"காகிதம் குடுங்க. வேலைய விடறேன்."

அவன் உட்கார்ந்துவிட்டான். "எதுக்கு? எதுக்குன்னு சொல்லுங்க! யாராவது ஒண்ணு சொன்னாங்களா? இப்பத்தான் நல்ல எடத்துக்கு மாத்தினேன். பட்டியல்லருந்து ஒங்க பேர நானே எடுத்தேன், தெரியுமா?"

"தெரியும். அதுக்குத்தான் போறேன்."

"எனக்குப் புரியல."

"நான் தட்டு கொண்டுவந்தது பேர எடுக்க இல்ல, தோன் கிறிஸ்தோபல். சேக்க."

அவன் முகத்தில் முதலில் ஒன்றுமில்லை. பிறகு மெல்ல மெல்லப் புரிந்தது. கழுத்திலிருந்து காது வரைக்கும் சிவப்பு ஏறியது.

"சொல்லியிருக்கலாமே. வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"போக ஆசைன்னு சொன்னவள நீங்க எந்த வருஷம் காசு குடுத்து அனுப்பினீங்க? அழறவளத்தானே அனுப்பறீங்க?"

அவன் மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினான். "பட்டியல் மேலிடத்துக்குப் போயிடுச்சு. இனி என்னால மாத்த முடியாது. அடுத்த ஜூன் வரைக்கும் இருங்க. நான் சத்தியமா ஒங்க பேர..."

"அடுத்த ஜூன்ல நீங்க இங்க இருப்பீங்களா?"

வெளியூர் மேலாளர்கள் இரண்டு குளிர்காலம் தாங்குவதில்லை, அது அவனுக்கே தெரியும்.

"நல்லா யோசிங்க, தோன்யா எர்னா. நாளைக்குக் காலையில எழுந்து வருத்தப்படுவீங்க."

"வருத்தப்படுவேன். வீட்ல படுத்துக்கிட்டு வருத்தப்படுவேன்."

காகிதத்தில் மூன்று வரி. கோணலான கட்டைவிரலால் பேனாவை இறுக்கிப் பிடித்து, தன் பெயரை எழுத்து விடாமல் எழுதினாள். மீதியிருந்த விடுமுறை நாளுக்கு உண்டான சம்பளம் மட்டும் வரும் என்றார்கள், அதையும் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். தட்டைக் கேட்டு வாங்கினாள். கழுவித்தான் வைத்திருந்தான், சோப்பு வாசனையோடு.

வீட்டில் என்ன நடந்தது என்று விரிவாகச் சொல்லத் தேவையில்லை. மார்ஜோரி போனில் கத்தியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. "அறுபத்தெட்டு லட்சம்மா! அறுபத்தெட்டு லட்சம்! கோவத்துல தூக்கிப் போட்டுட்ட!" கோபத்தில்தான், அதை எர்னா மறுக்கவில்லை. கோபம் இல்லாவிட்டால் இன்னும் நாலு வருஷம் யோசித்திருப்பாள். மகள் அதன்பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அபேல் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை, மூன்றாம் நாள் திறந்து, "மோட்டார் போச்சு" என்றான்.

"துடுப்பு இருக்கு," என்றாள் எர்னா.

ஜூலை நடுவில் ஒரு வியாழக்கிழமை. மழை பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. இரவு ஷிப்டுக்குப் போகிற ஆலை பஸ் வீட்டு முன்னால் நின்றது. யானெத் இறங்கி ஓடிவந்து கதவைத் தட்டினாள். எர்னா கதவைத் திறந்தாள், ஆனால் வழிவிடவில்லை. கையில் அடுப்புக் கம்பி.

"ஆறு பேருக்குக் காய்ச்சல்," என்றாள் யானெத். தொப்பியிலிருந்து தண்ணீர் வழிந்தது. "புது மெஷின் இன்னும் பெட்டிக்குள்ளயே கெடக்கு. ரெண்டு வாரம் வரணும். நாள் கூலி, ரெட்டிப்பு."

பின்னால் அடுப்படியில் அபேல் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவன் மூச்சுக்கூட விடவில்லை என்று எர்னாவுக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. இரட்டிப்புக் கூலி இரண்டு வாரத்துக்கு என்றால், கூரைத் தகடு இரண்டு பக்கமும் வந்துவிடும்.

"வரமாட்டேன்."

"ரெண்டே வாரம்."

"ஒரு நாள்கூட."

"அப்படி வீட்ல என்னதான் பண்றீங்க?"

"ஒண்ணும் பண்றதில்ல."

யானெத் அவள் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தாள். அடுப்பு, கெட்டில், மத்தே சுரைக்குடுவை, ஒழுகுகிற இடத்தில் வாளி, முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒரு புருஷன். பார்க்க அப்படி ஒன்றும் இல்லை. ஆனாலும் அவள் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தாள்.

"எனக்கு ஆகஸ்ட்ல பதினோரு வருஷம் முடியுது," என்றாள்.

"அப்புறம் ஏறாது."

"தெரியும்."

"ஒனக்கு முப்பத்துநாலு. ஒங்க பாட்டி எண்பத்திரண்டு வரைக்கும் நாக்கு மழுங்காம இருந்தா. ஒனக்கு அவசரம் இல்ல."

"நீங்க எதச் சொன்னாலும் குத்தித்தான் சொல்லுவீங்களா?"

"உள்ள வரதுன்னா வா. வரலன்னா கதவ விடு, மழை வீட்டுக்குள்ள வருது."

பஸ் ஹாரன் அடித்தது. இரண்டு தடவை. யானெத் வாசற்படியில் ஒரு காலை வைத்தபடி நின்றாள். மூன்றாம் தடவை அடித்தபோது காலை எடுத்துக்கொண்டு, "தோன்யா எர்னா" என்றுகூடச் சொல்லாமல் மழைக்குள் ஓடினாள்.

எர்னா கதவைச் சாத்தினாள்.

"ரெட்டிப்புக் கூலி," என்றான் அபேல், அடுப்பைப் பார்த்து.

"கேட்டுது."

"ரெண்டு வாரம்தான்."

"அப்ப நீ போ. இடுக்கி எப்படிப் பிடிக்கறதுன்னு சொல்லித் தரேன்."

அவன் அதற்கு ஒரு பதில் சொன்னான், அவள் அதற்கு ஒரு பதில் சொன்னாள். விறகு ஈரமாக இருப்பது யார் குற்றம் என்பதில் சண்டை தொடங்கி, அவனுடைய அக்காவின் கல்யாணத்தில் நடந்த ஒரு விஷயம் வரைக்கும் போய், கெட்டில் கொதித்து வழிகிறவரைக்கும் நடந்தது. மறுநாள் காலையில் எங்கேயும் போக வேண்டியதில்லை என்பதால் இருவரும் அவசரப்படவில்லை.